வைத்தியம் தெரியாத மாயக்காரி

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் சிஸ்டர். வெளியே வந்தால் அக்கா. கூடப் பிறந்த தம்பிக்கு அக்கா, தம்பி மனைவிக்கு அக்கா, மாடி வீட்டுக்காரருக்கு அக்கா, அவளைவிட எத்தனையோ வயது மூத்த காய்கறிக் கடைக்காரருக்கும் அக்கா. பெற்றவர்கள் ஆசை ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளச் சீட்டில் மட்டும் ஒழுங்காக அச்சாகி வந்துகொண்டிருந்தது.

எலும்பு முறிவு வார்டில் வேலை. கட்டுப் பிரிப்பது, புண் துடைப்பது, மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிபவர்களிடமிருந்து ஸ்கேலைப் பிடுங்குவது, தன்னைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து விரிப்பு மாற்றுவது. இதையெல்லாம் அவள் நன்றாகவே செய்தாள். வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வேலை முடிந்த பிறகும் வேலை முடியாததுதான் குறை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி, நர்ஸ் என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டுவாள். விருந்துக்குப் போனால் இலையிலோ தட்டிலோ கை வைப்பதற்குள் யாராவது முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். காய்கறிக் கடைக்காரர் தக்காளியை நிறுத்துப் போட்டுக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டி, "அக்கா, இந்தக் கட்டி கரையுமா கரையாதா, பாத்துச் சொல்லுங்க" என்பார். தக்காளியில் ஒன்று அழுகல் இருக்கும், அதை அவள் கவனிக்க முடியாமல் போகும்.

வீட்டுக்கு வந்தால் கணவர். சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை. மூட்டை தூக்குகிறவர்களுக்கு வராத முதுகு வலி, தூக்கச் சொல்கிற இவருக்கு வந்திருந்தது. தினமும் காலையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "கொஞ்சம் பாரேன்மா" என்பார். அவள் தைலம் தேய்ப்பாள். "ஒண்ணும் இல்லைங்க, சரியாயிடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். நல்ல மனுஷர்தான். திட்ட மாட்டார், குடிக்க மாட்டார், சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். ஆனால் நல்ல மனுஷருக்கும் முதுகு என்று ஒன்று இருந்து தொலைக்கிறதே.

இப்படி இருந்தவளுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். "அக்கா, மத்தியானம் நீயும் மாமாவோட வாயேன். விளையாட்டுல ஒரு ஆள் குறையுது. ஜாலியா இருக்கும்."

தம்பிக்கு ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிற வேலை. வாரம் முழுக்க ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கறுப்புப் பொடியைச் சுவாசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் வீட்டு சாப்பாட்டு மேசையில் ஒரு கதை விளையாட்டு நடத்துவான். அவன்தான் நடுவர். காடு, குகை, பாழடைந்த கோட்டை என்று கதையை அவன் சொல்லிக்கொண்டு போவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இன்னது செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடையை உருட்டித் தீர்மானிப்பார்கள். அவள் கணவர் அதில் கோடாலி வைத்திருக்கும் வீரன். தம்பி மனைவி, நீச்சல் கற்றுக்கொடுப்பவள், அங்கே வில்லாளி. நாலாவது ஆள் ஒரு கிரேன் ஓட்டுநர். ஒருகாலத்தில் கால் ஒடிந்து அவள் வார்டில் கிடந்தவர், அப்படியே பழக்கமாகிக் குடும்பத்தில் ஒட்டிக்கொண்டவர். கதையில் அவர் திருடன். இன்னமும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

இத்தனை நாள் இந்தக் கூத்து நடக்கும்போது அவள் சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அவளையே கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டதில் அவளுக்கு உள்ளூர சந்தோஷம். எத்தனையோ பேர் எத்தனையோ காரியத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், விளையாட வா என்று யார் கூப்பிட்டார்கள்? நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள்.

போய் உட்கார்ந்ததும் தம்பி ஒரு தாளை நீட்டினான். அதில் பாதி ஏற்கெனவே நிரப்பியிருந்தது. "உனக்குன்னே ஒரு வேஷம் வெச்சிருக்கேன்கா."

அவள் படித்தாள். மேலே கொட்டை எழுத்தில் 'வைத்தியர்' என்று இருந்தது.

"இது என்னடா?"

"இதுவரைக்கும் வைத்தியரா இருந்தவர் வேலை மாத்திக்கிட்டுப் போயிட்டாரு. நாங்க சண்டையில அடிபட்டா நீ குணமாக்கணும். உனக்குத்தான் எல்லாம் அத்துப்படியாச்சே."

சந்தோஷம் புஸ்ஸென்று போயிற்று. ஆக, கூப்பிட்டது அவளை அல்ல. காலி இடத்தை நிரப்ப ஆள் வேண்டும், கைராசிக்காரி ஒருத்தி சும்மா சோபாவில் தூங்கிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

"வாரம் பூரா இதைத்தானே பண்றேன். இங்க வந்தும் இதேவா?"

"அது நிஜம்கா, இது விளையாட்டு."

"விளையாட்டுலயாவது எனக்கு வேற வேலை குடேன்டா."

கணவர் குறுக்கே வந்தார். "வைத்தியர் இல்லாம நாங்க ரெண்டாவது அறைகூடத் தாண்ட மாட்டோம்மா. நீ பண்ணினா நல்லா இருக்கும்."

அவள் தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெற்றாக இருந்தது. "வேற என்னென்ன இருக்கு, சொல்லு."

தம்பி வேண்டாவெறுப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நெருப்பு எறிகிற மந்திரவாதி. மிருகங்களோடு பேசுகிறவர். கடைசியாக, "மாயம் காட்டறவங்கன்னு ஒண்ணு இருக்கு. அது உனக்கு ஒத்து வராது. இல்லாததை இருக்கிற மாதிரி காட்டணும். எதிராளி நம்பினாத்தான் பலிக்கும், நம்பலைன்னா வெறும் காத்து. நம்பறானா இல்லையான்னு நான் பகடை உருட்டிப் பாப்பேன்."

"யாரையாவது தொடணுமா?"

"தொட வேண்டாம்."

"ரத்தம்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப இதுதான்," என்று பேனாவைத் திறந்தாள்.

அதன்பிறகு நடந்ததைப் பார்த்து மேசையே வாயடைத்துப் போயிற்று. இருக்கிற புள்ளிகளை ஆறு குணங்களுக்குப் பிரித்துப் போட வேண்டும். வலிமைக்கு எவ்வளவு என்று தம்பி கேட்டான். இருப்பதிலேயே குறைச்சல் எது என்று கேட்டு அதைப் போட்டாள். "நாள் பூரா ஆள் தூக்கறேன். இவ ஒரு செம்பு தண்ணிகூடத் தூக்க மாட்டா." உடல் உறுதிக்கும் அடிமட்டம்தான். "இவளுக்கு உடம்பு முடியலைன்னா படுத்துக்குவா. மத்தவங்க வந்து கஞ்சி குடுக்கட்டும்." மிச்சத்தையெல்லாம் அறிவிலும் கவர்ச்சியிலும் கொட்டினாள். கவர்ச்சிக்கு அவ்வளவு போடுகிறாயே என்று கணவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

உடை எழுதுகிற இடம் வந்ததும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். தரையில் புரளும் ஊதா அங்கி, எந்த வேலைக்கும் உதவாத நீளக் கைகள். தலைமுடியை வலைக்குள் அடக்காமல் விரித்துப் போட்டிருப்பாள். விரலுக்கொரு மோதிரம். முக்கியமாக நகம். வார்டில் வேலை பார்ப்பவள் நகம் வளர்க்கக் கூடாது, மோதிரம் போடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் விரல்கள் ஒட்ட வெட்டிய நகத்தோடு, சோப்புத் தண்ணீரில் வெளுத்துப்போய் இருந்தன. மாயக்காரிக்கு நகம் இவ்வளவு நீளம் என்று கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினாள்.

"அவ்வளவு நீளமா? எப்படிக்கா சாப்பிடுவா?" என்றாள் தம்பி மனைவி.

"யாராவது ஊட்டி விடுவாங்க."

மந்திரங்களில் மூடுபனி எடுத்தாள், வேறு இடத்திலிருந்து குரல் வரவைப்பது எடுத்தாள், இல்லாத உருவம் காட்டுவது எடுத்தாள். ஒரே ஒரு குணமாக்கும் மந்திரம் மட்டும் சேர்த்துக்கொள்ளேன் என்று தம்பி கெஞ்சினான். ஒன்றுகூடக் கிடையாது என்று பேனாவை மூடினாள். மாயக்காரிக்கு ஐந்தெழுத்தில் அழகான பெயர் ஒன்றும் யோசித்து வைத்தாள். அந்தப் பெயரை மேசையில் ஒருவரும் ஒரு தடவைகூடச் சொல்லிக் கூப்பிடவில்லை, மாயக்காரியும் அவர்களுக்கு அக்காவோ சிஸ்டரோதான். அதனால் நாமும் அதைத் தேடி அலைய வேண்டாம்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் ஆரம்பித்தது. கோட்டைக்குள் காவல்காரர்கள் துரத்தி வந்தார்கள். நடைவழியை அடைத்து ஒரு சுவர் காட்டுகிறேன் என்றாள். அது நல்ல யோசனை என்று எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள். தம்பி காவல்காரனாக மாறி முறைத்தான். அவள் சொன்னாள், "இங்க ஒரு சுவர் வருது. பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

தம்பி பகடையை மேசையில் வைத்துவிட்டான். "யாரைப் பாத்துக்கா பயப்படாதீங்கன்னு சொல்ற?"

"எதிர்ல நிக்கறவங்களை."

"அவன் உன்னைக் கொல்ல வர்றான்கா. அவன் பயப்படணும்கறதுக்குத்தானே சுவர்?"

காவல்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று கூடுதல் புள்ளி போட்டு உருட்டினான். சுவர் காற்றாகிப் போயிற்று. கணவரின் வீரனுக்குத் தோளில் வெட்டு விழுந்தது. "ஒரு வைத்தியர் இருந்திருந்தா..." என்று அவர் ஆரம்பித்தார்.

அடுத்த அறையில் புலி காட்டினாள். கேட்டவுடன் மேசை நிமிர்ந்து உட்கார்ந்தது. "புலி வருது," என்றாள். அதோடு வாயை மூடியிருக்கலாம். வருஷக்கணக்காக ஊசி போட்ட வாய் சும்மா இருக்குமா? "சின்னப் புலிதான்" என்று சேர்த்துவிட்டாள்.

கிரேன் ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு அந்தக் குரல் தெரியும். சின்ன ஊசிதான், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்று சொல்லித்தான் அவர் காலில் கம்பி வைத்த இடத்தைச் சுத்தம் செய்வாள்.

தம்பி அன்றைக்குப் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தான். "அக்கா, ரொம்ப சுலபம். எதிராளி என்ன பாக்கறான், என்ன கேக்கறான், அதை மட்டும் சொல்லு. மாயம்னு சொல்லாத, சமாதானம் சொல்லாத, விளக்கம் சொல்லாத. அவ்வளவுதான் வித்தை."

அவளும் தலையாட்டினாள். அதற்கடுத்த வாரம் பள்ளத்தின் மேல் இல்லாத பாலம் காட்டினாள். கொள்ளைக்காரர்கள் துரத்தி வருகிறார்கள். பாலத்தில் கால் வைத்தால் கதை முடிந்தது. கயிறு, பலகை, ஆடுகிற ஆட்டம் என்று அழகாக வர்ணித்தாள். தம்பியே மயங்கிப் போய்ப் பகடையைக் கையில் எடுத்தான். கொள்ளைக்காரர் தலைவன் பாலத்தருகே வந்து நின்றான். அவள் தன்னை மறந்து, "பாத்து கால் வைங்க, பலகை ஈரமா இருக்கு, வழுக்கும்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் மட்டும் காது மடல் சுட உட்கார்ந்திருந்தாள். கொலைகாரனுக்கு வழுக்கும் என்று சொல்கிற மாயக்காரி உலகத்தில் எங்கேயாவது உண்டா? தன் நாக்கைத் தானே இழுத்து ஒரு அறை விடலாம் போல இருந்தது.

இந்த லட்சணத்தில் தம்பி வேறு ஒரு காரியம் செய்திருந்தான். கோட்டையில் கிடைத்த பெட்டிக்குள் ஒரு குணமாக்கும் கோல் வைத்திருந்தான். வெள்ளைக் கோல், தொட்டால் காயம் ஆறும். மந்திரம் தெரிந்தவர்களால் மட்டும்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்றான். மேசையில் மந்திரம் தெரிந்தவள் ஒருத்திதான். எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல அவளைப் பார்த்தார்கள். வாசல் வழியாக வராத வேலையைக் கொல்லை வழியாக அனுப்புகிறான் பாருங்கள்.

வேண்டாம் என்றால் கேட்கவா போகிறார்கள்? கோலை அவள் பையில் எழுதிவிட்டார்கள். அன்றைக்கு ஆட்டம் முடிகிற நேரம், தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், தம்பி மனைவியும் கணவரும் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டை முற்றத்தில் ஒரு கிணறு இருப்பதாக அவன் முதலிலேயே சொல்லியிருந்தான்.

"டேய், அந்தக் கோலைக் கிணத்துல போட்டுட்டேன்."

"சரிக்கா."

"கேட்டுச்சா? கோல் இனிமே என்கிட்ட இல்ல."

"சரி சரி," என்றான், தலை நிமிராமலே.

டீ வந்தது. கணவர் வீரனுக்கு விழுந்த வெட்டுகளை எல்லாம் கணக்கெடுத்துவிட்டு மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார். "கோவிச்சுக்காதம்மா. எல்லாருக்கும் கஷ்டமா இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். ஒரே ஒரு தடவை உன் மாயம் பலிச்சு எங்களைக் காப்பாத்தினா, அப்புறம் நாங்க வாயே திறக்க மாட்டோம். இல்லைன்னா மாயக்காரியை அவ ஊருக்கு அனுப்பிட்டு நீ வைத்தியராயிடு."

தம்பி ஆமாம் என்றான். தம்பி மனைவி ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு ஆமாம் என்றாள். கிரேன் ஓட்டுநர், "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், ஆனா என் திருடனுக்கு உயிர் தொண்டைக்குழியில நிக்குது" என்றார்.

ஒப்புக்கொண்டாள். வேறு வழி?

அந்த வாரம் முழுக்க அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது. ஒரு விளையாட்டுக்காகவா இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டுக்கொண்டாள். பதில் நேராகத்தான் இருந்தது. அந்த ஊதா அங்கிக்காரியை விட்டுக்கொடுத்துவிட்டால், அப்புறம் வாரத்தில் எந்த நாளிலும், எந்த மணியிலும், யாருக்கும் கட்டுப் போடாத ஒரு ஆள் அவளுக்குள் மிச்சம் இருக்கப்போவதில்லை. பஸ்ஸில் போகும்போது உதட்டுக்குள்ளேயே புலி சொல்லிப் பார்த்தாள். பெரிய புலி. ரொம்பப் பெரிய புலி. பக்கத்து சீட்டுக்காரி குதிகாலைக் காட்டாமல் தள்ளி உட்கார்ந்தாள்.

வார்டில் புதிதாக வந்த ஒருவர், தொடையில் கட்டு மாற்றும்போது விரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வலிக்குமா சிஸ்டர்?" என்றார்.

"வலிக்காது," என்று சிரித்தாள்.

வலிக்கும். உயிர் போகிற மாதிரி வலிக்கும். அவளுக்குத் தெரியும், கூட நின்ற பயிற்சி நர்ஸுக்குத் தெரியும். அந்த மனுஷர் மட்டும் நம்பிக் கையைத் தளர்த்தினார். கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இங்கே வாயைத் திறந்தால் நம்புகிறார்கள், அங்கே ஒரு சுவரைக்கூட ஒருத்தனும் நம்ப மாட்டேன் என்கிறானே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வழக்கம்போலக் கணவர் குப்புறப் படுத்தார். வழக்கம்போல அவள் தைலம் தேய்த்து, சிரித்து, சரியாயிடும் என்றாள். மத்தியானம் தம்பி வீட்டு மேசையில் உட்கார்ந்தார்கள்.

கொள்ளைக்கூட்டம் ஒரு பழைய மாவு மில்லுக்குள் அவர்களை மடக்கியிருந்தது. தம்பி அன்றைக்கு ஈவு இரக்கம் பார்க்கவில்லை. அவள் காட்டிய மூடுபனியைக் கூட்டம் ஊதித் தள்ளிவிட்டு வந்தது. அந்தக் கோடியிலிருந்து குரல் வரவைத்தாள். கூட்டம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் பகடை உருண்டது, ஒவ்வொன்றிலும் கொள்ளைக்காரனே ஜெயித்தான். தம்பி மனைவியின் அம்புகள் தீர்ந்தன. திருடன் கூரையில் ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் வீரன் விழுந்தான். கணவர் அதோடு விடவில்லை. எழுந்து போய் சோபாவில் மல்லாந்து படுத்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

தம்பி அவளைப் பார்த்தான். நடுவராகப் பார்க்கவில்லை, தம்பியாகத்தான் பார்த்தான். "அக்கா, வீம்பு பிடிக்காத. உன் பையில அந்தக் கோல் இருக்கு."

 எல்லோர் கண்ணும் அவள் மேல். கோல் கிணற்றில் கிடக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் நினைவிருந்தது போலும்.

சோபாவிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் பாரேன்மா."

காலையில் கேட்ட அதே குரல், அதே ராகம். அவளுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போகவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். வார்டில் கட்டு மாற்றப் போகும்போது செய்வது போல.

"சரி," என்றாள்.

மேசையைச் சுற்றி எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

"என் கையில வெள்ளைக் கோல். நுனியில வெளிச்சம். மில்லுக்குள்ள எல்லார் முகத்துலயும் அந்த வெளிச்சம் விழுது." தம்பி சொல்லிக்கொடுத்தபடி, பார்க்கிறதை மட்டும் சொன்னாள். அப்புறம் சோபாப் பக்கம் திரும்பினாள். குரல் தானாகவே மாறியது. "கொஞ்சம் சில்லுன்னு இருக்கும். பயப்படாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது. காயம் மூடிக்கிச்சு பாருங்க. ரத்தம் நின்னுடுச்சு. வீரன் எழுந்து நிக்கறான். கையில கோடாலி."

தம்பியின் முகம் மலர்ந்தது. "கொள்ளைக்காரங்க பாக்கறாங்க. இப்பத்தான் வெட்டிச் சாய்ச்ச ஆள், முழுசா எழுந்து நிக்கறான். செத்தவனையே எழுப்பற ஆள் இவங்ககிட்ட இருக்குன்னு தலைவன் கத்தறான். கத்தியைக் கீழ போடறாங்க. ஓடறாங்க. ஒருத்தன்கூட மிச்சமில்ல."

கிரேன் ஓட்டுநர் கை தட்டினார். தம்பி மனைவி அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். கணவர் சோபாவில் எழுந்து உட்கார்ந்து, "பாத்தியா, இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்றேன்" என்றார்.

"இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு எவ்வளவு அடம்," என்றான் தம்பி. "சரி, பேசினபடி இன்னையிலேருந்து நீ வைத்தியர்."

"அவரு இன்னும் கீழதான்டா கிடக்கறாரு," என்றாள்.

"யாரு?"

"வீரன். எழுந்து நின்னது உருவம். கோலும் உருவம்தான். கோலைப் போன வாரமே கிணத்துல போட்டுட்டேன். உன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், சரி சரின்ன."

தம்பி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கிரேன் ஓட்டுநர் மோவாயைத் தடவிக்கொண்டு, "சொன்னாங்க. என் காதுல விழுந்துச்சு. சும்மா கோவத்துல சொல்றாங்கன்னு விட்டுட்டேன்" என்றார்.

"அது எப்படிக்கா? மாயம்னா கொள்ளைக்காரன் நம்பறானான்னு நான் பகடை உருட்டணுமே. உருட்டவே இல்லையே."

"ஏன் உருட்டல?"

தம்பி பகடையைப் பார்த்தான். 

"சுவர் காட்டினேன், கூடுதல் புள்ளி வேற போட்டு உருட்டின. புலி விட்டேன், உருட்டின. பாலத்துக்கும் உருட்டின. இன்னைக்கு மூடுபனியைக்கூட விட்டு வெக்கல. நான் வைத்தியம் பாக்கறேன்னு சொன்னதும் மட்டும் ஏன்டா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்ட?"

அவள் குரல் உயரவில்லை. ஜெயித்துவிட்டாள், பந்தயப்படி இனி ஊதா அங்கியை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் அந்த ஜெயிப்பு வாயில் கசந்தது. இத்தனை வாரம் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் பலிக்காத வித்தை, அவள் எப்போதும் எப்படி இருப்பாள் என்று இவர்கள் நினைத்து வைத்திருக்கிறார்களோ அதைக் காட்டியவுடன் பலித்துவிட்டது. இதற்கா நகம் வளர்த்தாள்?

தம்பி பகடையை விரலால் நகர்த்தினான். "நீ ஜெயிச்சுட்டக்கா," என்றான். "விதிப்படி அது பலிச்சுடுச்சு."

கணவர் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "அப்ப என் காயம்?"

"அப்படியேதான் இருக்கு."

 அவர் மெதுவாகக் கேட்டார், "காலையில தைலம் தேச்சியே?"

"தைலம் நிஜம்தாங்க."

"சிரிச்சியே."

"அது இந்த மாதிரி மாயம்தான்," என்று மேசையைக் காட்டினாள்.

தம்பி மனைவி டீக் குவளைகளை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"உங்க மேல கோவம் எல்லாம் இல்ல," என்றாள் அவள். "சலிச்சுப் போச்சுங்க. எனக்கு ரொம்ப சலிச்சுப் போச்சு."

கணவர் தலையாட்டினார்.   திரும்பவும் சோபாவில் மல்லாந்து படுத்தார்; அவருடைய வீரன் இன்னும் மில்லுக்குள் விழுந்துதானே கிடக்கிறான். படுத்தபடியே கையை நீட்டினார்.

"மச்சான், அந்தப் பகடையைக் குடு. எனக்கு நானே கட்டுப் போட்டுக்கணும்னா எவ்வளவு விழணும்?"

"பதினஞ்சு, மாமா."

முதுகு பிடித்துக்கொள்ள, முனகிக்கொண்டே தரையில் உருட்டினார். நாலு விழுந்தது. அவள் கை தானாகவே அவர் பக்கம் போயிற்று. பாதி வழியில் அதைப் பார்த்துவிட்டு, இழுத்து மடியில் வைத்து, இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கணவர் படுத்தபடியே துழாவிப் பகடையை எடுத்து மறுபடி உருட்டினார்.